கைப்பேசியில் மார்க்கம் கற்கலாமா?

அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே புகழனைத்தும். அவனுடைய திருத்தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார் தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



மல்லாங்கிணறு, காரியாபட்டி, அருப்புக்கோட்டை, விருதுநகர் என்று நம் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் இன்று இந்தக் கேள்வி எழுகிறது: 'ஹஜ்ரத்! மத்ரஸாவுக்குப் போகாமல், கைப்பேசியைப் பார்த்தே மார்க்கம் கற்றுக்கொள்ளலாமா?'

பெரியவர்கள் சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். உஸ்தாது இல்லாத கல்வி வழிகேட்டில்தான் கொண்டுபோய்விடும் என்பது அவர்கள் வாதம். வாலிபர்கள் சிலரோ, 'குர்ஆனும் ஹதீஸும் உள்ளங்கைக்குள் வந்துவிட்டபோது இனி ஆலிம் எதற்கு? ஜமாஅத் எதற்கு?' என்கிறார்கள். இந்த இரு சாராருக்கும் நடுவில் பெருங்கூட்டம் ஒன்று வாய் திறக்காமல் கற்றுக்கொண்டிருக்கிறது. அது நம் தாய்மார்களும் சகோதரிகளும் அடங்கிய கூட்டம்.

இந்தப் பக்கத்து ஏழை வீடுகளின் வாழ்க்கை நமக்குத் தெரியாததல்ல. விடிந்ததும் வேன் ஏறிப் பட்டாசுத் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். அங்கே கைப்பேசியை உள்ளே கொண்டுபோக முடியாது; ஒரு பொறி போதும், உயிர் போக! மாலையில் திரும்பிச் சமையல் முடித்து, பிள்ளைகளைப் படுக்க வைத்த பிறகுதான் அவர்களுக்கென்று ஒரு மணி நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் பகல் மத்ரஸா திறந்திருக்குமா? ஆகவே பத்துப் பெண்கள் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் சூரத்துல் பாத்திஹாவை ஓதிக் குரல் பதிவாக அனுப்புகிறார். மற்றவர்கள் கேட்டுத் திருத்திக்கொள்கிறார்கள். சந்தாவும் இல்லை, பதிவேடும் இல்லை, ஜமாஅத்தின் அனுமதியும் இல்லை.

இதைத் தடுத்தால், தொழுகையில் ஓதும் பாத்திஹாவையே பிழையாக ஓதிக்கொண்டிருந்த நிலைக்கு அந்தச் சகோதரிகள் திரும்பிப் போவார்கள். கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிட்டாலோ, எவரோ சொன்ன இரண்டு நிமிடப் பேச்சைக் கேட்டுக் குடும்பம் பிரிந்து போகவும் கூடும். ஆகவே இது வெறும் பேச்சுக்கான விஷயமல்ல. நம் தொழுகையும் குடும்பமும் சம்பந்தப்பட்ட விஷயம். இதற்கு நபிமொழித் தொகுப்பிலேயே தெளிவான ஒரு பாடம் இருக்கிறது. முதலில் அதைப் பார்ப்போம்.

அண்டை வீட்டார் இருவர்

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் ஸஹீஹின் கல்வி பற்றிய பகுதியில், கல்வி கற்பதில் முறை வைத்துக்கொள்வதற்கென்றே ஒரு பாடம் அமைத்திருக்கிறார்கள். அதில் ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் தம் வரலாற்றைத் தாமே கூறுகிறார்கள். அதன் சாரம் இது:

உமர் (ரலி) அவர்கள் அப்போது மதீனாவின் மேட்டுப் பகுதியில், பனூ உமைய்யா பின் ஜைது கிளையாரின் குடியிருப்பில் வசித்தார்கள். பக்கத்து வீட்டில் அன்ஸாரித் தோழர் ஒருவர் இருந்தார். இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரு நாள் இவர் நபி (ஸல்) அவர்களின் சமூகத்துக்கு இறங்கிப் போவார். மறுநாள் அவர் போவார். போனவர் அன்று இறங்கிய வஹீயையும் மற்றச் செய்திகளையும் கொண்டுவந்து போகாதவருக்குச் சொல்வார்.

ஒரு நாள் அன்ஸாரித் தோழரின் முறை. போய்த் திரும்பியவர் உமர் (ரலி) அவர்களின் கதவைப் பலமாகத் தட்டினார். உமர் (ரலி) அவர்கள் பதறி வெளியே வந்தார்கள். பெரிய காரியம் ஒன்று நிகழ்ந்துவிட்டது என்றார் தோழர். நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரைத் தலாக் விட்டுவிட்டார்கள் என்பதே அவர் கொண்டுவந்த செய்தி!

உமர் (ரலி) அவர்களின் மகளார் ஹழ்ரத் ஹப்ஸா (ரலி) அவர்கள் அந்த மனைவியரில் ஒருவர் அல்லவா? உடனே மகளாரிடம் சென்றார்கள். அவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். 'உன்னைத் தலாக் விட்டுவிட்டார்களா?' என்று தந்தை கேட்க, 'எனக்குத் தெரியாது' என்றார்கள் மகளார். பின்னர் உமர் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடமே சென்று, நின்றபடியே அதைக் கேட்டார்கள். 'இல்லை' என்று பதில் வந்தது. உமர் (ரலி) அவர்கள் தக்பீர் முழங்கினார்கள்.

நிகழ்ந்தது என்ன? நபி (ஸல்) அவர்கள் ஒரு மாத காலம் தம் மனைவியரைவிட்டு ஒதுங்கி இருந்தார்கள். அதைக் கண்டவர்கள் தலாக் என்று எண்ணிக்கொண்டார்கள். இவ்வளவுதான்.

இதில் நமக்குள்ள படிப்பினைகள்

முதலாவது: கல்விக்கான ஏற்பாட்டை இவ்விருவரும் தாங்களே செய்துகொண்டார்கள். யாரும் வகுப்புப் பிரித்துக் கொடுக்கவில்லை. வருகைப் பதிவும் எடுக்கவில்லை. பிழைப்பைப் பார்க்க வேண்டியிருந்தது. வீடோ தொலைவில் இருந்தது. அதைச் சாக்காகச் சொல்லிக் கல்வியை விட்டுவிடாமல் ஒரு வழி கண்டார்கள். ஆகவே, பத்துச் சகோதரிகள் தாங்களாகக் கூடிக் கற்பது மார்க்கத்தில் அந்நியமான காரியமல்ல.

இரண்டாவது: செய்தி கொண்டுவந்தவர் பொய்யரல்லர். நபித்தோழர், நம்பிக்கையான அண்டை வீட்டுக்காரர். ஆயினும் செய்தி பிழையாகிவிட்டது. கண்ட ஒன்றிலிருந்து காணாத ஒன்றை முடிவு கட்டியதே அதற்குக் காரணம். நம்மிடம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை அனுப்புகிறவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் நல்லவர் என்பதால் செய்தி சரியாகிவிடாது.

மூன்றாவது: ஹப்ஸா (ரலி) அவர்களின் பதிலைக் கவனியுங்கள். அந்த வீட்டுக்குள் இருப்பவர்கள். அந்தச் செய்தியால் நேரடியாகப் பாதிக்கப்படுபவர்கள். அவர்களே 'எனக்குத் தெரியாது' என்றார்கள். இன்று எங்கோ இருந்துகொண்டு, முகம் தெரியாத குடும்பத்தின் தலாக்குக்கு ஒரு வரியில் பத்வா கொடுப்பவர்கள் இந்தச் சொல்லிலிருந்து பாடம் பெற வேண்டும்.

நான்காவது: உமர் (ரலி) அவர்கள் கேட்டதைக் கேட்டவாறு நாலு பேரிடம் சொல்லவில்லை, மூலத்தைத் தேடிப் போனார்கள். உண்மை தெரிந்த பின் பள்ளிவாசலின் வாயிலில் நின்று, தலாக் நிகழவில்லை என்று உரக்க அறிவித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் தலாக் பற்றிய பகுதியில் வருகிறது. பரபரப்பான செய்தியைப் பரப்பிவிடாமல் அறிந்தவர்களிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்று போதிக்கும் சூரத்துன் நிஸாவின் 83-வது வசனம் இதையொட்டி அருளப்பட்டதாகவும் அந்த ஹதீஸிலேயே காண்கிறோம். தவறான செய்தி எவ்வளவு தூரம் போயிற்றோ, அவ்வளவு தூரம் திருத்தமும் போய்ச் சேர வேண்டும் என்பது இதில் அடங்கிய ஒழுக்கம்.

ஐந்தாவது: இவ்வளவு பெரிய குழப்பம் நேர்ந்தும், 'இனி முறை வைத்துக் கற்கக்கூடாது' என்று தடை வந்ததாக நாம் காணவில்லை. தடை வந்திருந்தால் இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இதைக் கல்விக்குரிய ஒரு வழியாகப் பாடத் தலைப்பில் வைத்திருப்பார்களா? தவறு நேர்ந்தது, தவறு திருத்தப்பட்டது, கல்வி தொடர்ந்தது.

கட்டடம் வருமுன்பே கல்வி வந்தது

மத்ரஸாவில் ஓதிய நான் மத்ரஸாவைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆயினும் உண்மையைச் சொல்ல வேண்டும். பக்தாதில் நிஜாமிய்யா மத்ரஸா திறக்கப்பட்டது கி.பி. 1067-ல். நாற்பெரும் இமாம்களும் ஹதீஸ் தொகுத்த இமாம்களும் வாழ்ந்து மறைந்தது அதற்கு வெகு முன்பு. பள்ளிவாசல் தூணடியிலும் வீட்டு முற்றத்திலும் வட்டமாக உட்கார்ந்து ஓதினார்கள். ஒரே ஒரு ஹதீஸுக்காக ஹழ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் ஒரு மாதப் பயணம் செய்து ஷாம் தேசம் போனார்கள். பிற்காலத்தில் மத்ரஸாக்கள் வந்த பின்பும், 'இஜாஸா' என்னும் அனுமதியை வழங்கியவர் உஸ்தாதுதான், கட்டடமல்ல. இன்னாரிடம் இன்ன கிதாபை ஓதினேன் என்பதுதான் பட்டமாக இருந்தது.

அப்படியானால் கட்டுப்பாடே இல்லாத கல்வியா அது? இல்லை! அதைக் கட்டிக் காத்தது ஸனது. சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், அவர் வாய்மையாளரா, அவருடைய நினைவாற்றல் எப்படி என்று ஒவ்வொரு கண்ணியாகத் தட்டிப் பார்த்தார்கள். இந்த இல்மு நம் மார்க்கமே ஆகும். ஆகவே அதை எவரிடம் பெறுகிறோம் என்று பார்த்துப் பெற வேண்டும் என்ற கருத்தில் இமாம் இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்கள் எச்சரித்தது ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையில் இருக்கிறது.

நம் தமிழகத்திலும் இதுவே நடந்தது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெண்களுக்கென்று தைக்காக்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டி அமைத்த அரபுத்தமிழில் நம் பாட்டிமார் மார்க்கச் சட்டங்களைப் படித்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898) போன்ற பெரியோர்கள் அந்த வாசகர்களுக்காகவே நூல் செய்தார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத எத்தனையோ தாய்மார்கள் வீட்டிலிருந்தபடி மார்க்கம் அறிந்தவர்களாக விளங்கியது இப்படித்தான். அந்த ஏடுகளை எழுதியவர் யார் என்பது ஊருக்குத் தெரியும். படித்ததில் ஐயம் வந்தால் கேட்பதற்குத் தைக்காவில் மூத்த பெண்மணி ஒருவர் இருப்பார்.

காளிக்குப்பத்துப் பிள்ளைகள்

உஸ்தாது இல்லாமல் பிள்ளைகள் எவ்வளவு தூரம் கற்க முடியும்? இதை உலகக் கல்வி விஷயத்தில் சிலர் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அந்தச் சோதனை நமக்கும் பயன்படும்.

1999-ல் டெல்லி கல்காஜியில் சுகதா மித்ரா என்பவர் தம் அலுவலகச் சுவரில் துளையிட்டு, பக்கத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்கு எட்டும்படி ஒரு கணினியைப் பொருத்தி வைத்தார். சொல்லிக் கொடுக்க எவருமில்லை. பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் தாங்களாகவே அதை இயக்கக் கற்றுக்கொண்டார்கள். பின்னர் தமிழ் பேசும் காளிக்குப்பம் என்ற கிராமத்தில் அவர் இன்னும் கடினமான சோதனை ஒன்றை வைத்தார். உயிரித் தொழில்நுட்பப் பாடத்தை ஆங்கிலத்தில் கணினியில் ஏற்றி, பிள்ளைகளிடம் விட்டுவிட்டார். ஆரம்பத்தில் அப்பாடத்தில் அவர்கள் பெற்றது ஏறக்குறையப் பூஜ்யம். சுமார் இரண்டு மாதங்களில், ஆசிரியரே இல்லாமல், நூற்றுக்கு முப்பதுக்கு வந்துவிட்டார்கள்.

அதற்கு மேல் எப்படி ஏறினார்கள் என்பதுதான் நமக்குரிய பாடம். அந்தப் பாடம் அறிந்த ஆசிரியர் எவரும் அங்கே கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பழக்கமான இளம் பெண் ஒருவர் இருந்தார். அவருக்கும் அந்தப் பாடம் தெரியாது. பிள்ளைகளின் பின்னால் நின்று, ஒரு பாட்டி கேட்பதைப் போல, 'அடடே! இது என்ன? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? எனக்கும் சொல்லுங்கள்' என்று கேட்டு உற்சாகப்படுத்துவது ஒன்றே அவர் செய்த வேலை. மேலும் சில வாரங்களில் மதிப்பெண் ஐம்பதுக்கு உயர்ந்தது. தேர்ந்த ஆசிரியரிடம் அதைப் படித்த டெல்லித் தனியார் பள்ளிப் பிள்ளைகளின் அளவை எட்டியது. மித்ராவும் ரிது தங்வாலும் இதை 2010-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

இதற்கு மறுபுறமும் உண்டு. உத்தராகண்டில் இவ்வாறு அமைக்கப்பட்ட இரு கணினி மையங்களை நேரில் ஆராய்ந்த பாயல் அரோரா என்பவர், அவை கைவிடப்பட்டுக் கிடந்ததைக் கண்டு 2010-லேயே எழுதினார். கருவியை வைத்துவிட்டால் கல்வி தானே வந்துவிடும் என்பது நடக்கிற காரியமல்ல.

ஆக, ஆர்வமும் கூட்டும் இருந்தால் மனிதர்கள் தாங்களாகவே கற்பார்கள். ஓரளவு வரை கற்பார்கள். அதற்கு மேல் ஏற, கருவிக்குப் பின்னால் ஒரு மனிதர் நிற்க வேண்டும்.

மார்க்கக் கல்வியில் எங்கே நின்றுவிடுகிறது?

உலகக் கல்வியில் முப்பதிலிருந்து ஐம்பதுக்கு ஏறினால் மகிழ்ச்சி. நாம் ஓதும் திருக்குர்ஆனில் ஒரு சொல்லில் ஓர் எழுத்து மாறினாலோ பொருளே மாறிவிடுகிறது.

ஓர் உதாரணம் பாருங்கள். 'கல்பு' என்று தமிழில் எழுதுகிறோம். நாவின் அடிப்பகுதியிலிருந்து கனமாக எழும் காஃபைக் கொண்டு சொன்னால் அதற்கு இதயம் என்று பொருள். அதற்குச் சற்று முன்னாலிருந்து மெல்லென எழும் காஃபைக் கொண்டு சொன்னால் நாய் என்று பொருள். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றே! இணையத்தில் தமிழ் எழுத்தில் போடப்பட்ட சூராக்களை மட்டும் பார்த்து மனனம் செய்தவர் இந்த வேறுபாட்டை எப்படி அறிவார்? குரல் பதிவைக் கேட்டால் தம் காதுக்குச் சரியாகத்தான் படும். தம் நாவில் என்ன பிழை நிகழ்கிறது என்பதைச் சொல்ல இன்னொருவர் காது தேவை.

இதனால்தான் குர்ஆன் விஷயத்தில் ஏட்டோடு ஆளும் சேர்ந்தே போயிற்று. நபி (ஸல்) அவர்கள் ரமலான் தோறும் ஜிப்ரீல் (அலை) அவர்களோடு குர்ஆனை ஓதிச் சரிபார்த்தார்கள். கடைசி ஆண்டில் இருமுறை. ஹிஜ்ரத்துக்கு முன்பே ஹழ்ரத் முஸ்அப் பின் உமைர் (ரலி) அவர்கள் மதீனாவாசிகளுக்கு ஓதிக் கொடுக்க அனுப்பப்பட்டார்கள். ஹழ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் பெரு நகரங்களுக்கு முஸ்ஹபுகளை அனுப்பியபோது ஓதிக் கொடுப்பவர்களையும் உடன் அனுப்பினார்கள் என்று கிராஅத் கலை அறிஞர்கள் கூறுகிறார்கள். எழுத்து மட்டும் போதும் என்று அவர்கள் எண்ணவில்லை.

இரண்டாவது இடையூறு மத்ஹபுகளை அறியாமை. நம் உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலும் ஹனபிகள். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் ஷாபிஈகள். உடலிலிருந்து இரத்தம் வழிந்தோடினால் ஒளு முறியும் என்பது ஹனபி மத்ஹபு. முறியாது என்பது ஷாபிஈ மத்ஹபு. மனைவியை வெறுங்கையால் தொட்டால் ஒளு முறியும் என்பது ஷாபிஈ மத்ஹபு. அதனால் மட்டும் முறியாது என்பது ஹனபி மத்ஹபு. மகன் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, 'வாப்பா, உங்கள் தொழுகை செல்லாது' என்கிறான். தந்தை மனம் நோகிறார். இருவர் செய்வதும் ஆதாரமுள்ளது என்று சொல்லி அந்த வீட்டுக்கு அமைதியளிக்க, இரண்டையும் ஓதிய ஒருவர் வேண்டும்.

மூன்றாவது, இன்று புதிதாக வந்திருப்பது: கேட்ட மாத்திரத்தில் பதில் எழுதிக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவு. இது தெளிவான நடையில், தயக்கமே இல்லாமல் எழுதும். இல்லாத ஹதீஸை இருப்பதாகவும், ஒரு கிதாபில் இல்லாததை அதில் உள்ளதாகவும் எழுதிவிடுவதும் உண்டு. அதற்கு உஸ்தாதும் இல்லை; ஸனதும் இல்லை; மறுமையில் கணக்குக் கொடுக்க வேண்டுமே என்ற அச்சமும் இல்லை! அது தரும் பதிலைத் தேடுவதற்கான குறிப்பாக எடுத்துக்கொள்ளலாமே அன்றி, தீர்ப்பாகக் கொள்ளக்கூடாது.

குழாய் சுற்றுவது வேறு, மருந்து கலப்பது வேறு

நம் பக்கத்துத் தொழிலிலிருந்தே இதை விளங்கிக்கொள்ளலாம். வெறும் காகிதக் குழாய் சுற்றுவதை அக்கம்பக்கத்தாரைப் பார்த்தே ஒருவர் கற்றுக்கொள்கிறார். பிழைத்தால் ஒரு காகிதம் வீண். ஆனால் மருந்து கலக்கும் அறைக்குள் அப்படி எவரையும் விடுவதில்லை. அங்கே எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்று கணக்கு உண்டு. மேற்பார்க்கப் போர்மேன் உண்டு. 'நான் காணொளியில் பார்த்திருக்கிறேன், கலக்கித் தருகிறேன்' என்று வருபவரை யாராவது உள்ளே விடுவார்களா? இந்த எச்சரிக்கையை மீறிய இடங்களில் எத்தனை உயிர்கள் போயின என்பது நம் மாவட்டத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மார்க்கக் கல்வியையும் இவ்வாறு மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: தாமாகவே கற்கத் தக்கவை. நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாறு, ஸஹாபாக்களின் சரிதை, நற்குணங்கள், அன்றாட துஆக்களின் பொருள், அரபு எழுத்துகளின் அறிமுகம், குர்ஆன் ஓதக் கேட்டல் ஆகியவை. இவற்றை நம்பகமானவர்களிடமிருந்து கைப்பேசி மூலமே தாராளமாகக் கற்கலாம்.

இரண்டு: கைப்பேசியில் தொடங்கி, ஆளிடம் சரிபார்க்க வேண்டியவை. குர்ஆன் ஓதுதல், தொழுகை முறை, ஒளு குளிப்பின் சட்டங்கள், மாதவிடாய்ச் சட்டங்கள், ஜகாத் கணக்கு போன்றவை. மாலிக் பின் ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் சில வாலிபர்களும் நபி (ஸல்) அவர்களிடம் இருபது நாட்கள் தங்கிக் கற்றார்கள். ஊர் திரும்பி மற்றவர்களுக்குக் கற்பிக்கும்படியும், தாம் தொழக் கண்டவாறே தொழும்படியும் அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். தொழுகை கண்ணால் கண்டு கற்கப்பட்டது. காணொளி அதற்கு உதவும். ஆனால் நீங்கள் தொழுவதைக் காணொளி பார்க்காது!

மூன்று: கைப்பேசியில் தீர்க்கவே கூடாதவை. தலாக், குலா, இத்தா, பாகப்பிரிவினை, சத்தியம் முறித்தல், ஒருவர் ஈமானைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுதல் ஆகியவை. தலாக் என்றால் என்ன சொல் சொன்னார், எந்த நிலையில் சொன்னார், எத்தனை முறை, இதற்கு முன் நிகழ்ந்ததா என்று இரு தரப்பையும் விசாரிக்க வேண்டும். ஒரே மூச்சில் முத்தலாக் கூறுவதைக் குற்றமாக்கிய 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் நாட்டில் இருக்கிறது. இவ்வளவையும் இரண்டு நிமிடக் காணொளி எப்படித் தீர்க்கும்? உமர் (ரலி) அவர்களின் கதவைத் தட்டிய செய்தியும் தலாக் செய்திதான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இல்லத்தார் கைக்கொள்ள வேண்டியவை

1. பேசுகிறவர் யார் என்று முதலில் பாருங்கள். எங்கே ஓதினார், யாரிடம் ஓதினார், எந்த மத்ஹபின்படி சொல்கிறார் என்று தெரியாவிட்டால் அவருடைய பேச்சின் இனிமைக்காக அதைச் சட்டமாக எடுக்காதீர்கள்.

2. வெட்டி ஒட்டிய துண்டுப் பேச்சை நம்பாதீர்கள். முழுப் பேச்சையும் கேளுங்கள். ஆலிம் சொன்ன நிபந்தனை, வெட்டப்பட்ட பகுதியில் இருந்திருக்கலாம்.

3. ஹதீஸ் என்று வந்தால் எந்தக் கிதாபு, எந்தப் பாடம் என்று கேளுங்கள். அனுப்பியவர் சொல்ல முடியாவிட்டால் மேற்கொண்டு அனுப்பாதீர்கள். கொண்டுவரப்படும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் சூரத்துல் ஹுஜுராத்தின் 6-வது வசனம் நமக்கும் உரியது.

4. தனியாகக் கற்காதீர்கள், இருவராவது சேருங்கள். கணவனும் மனைவியும், தாயும் மகளும், அண்டை வீட்டார் இருவரும் முறை வைத்துக்கொள்ளலாம். கற்றதை மற்றவருக்குச் சொல்லும்போதுதான் எது விளங்கவில்லை என்பது விளங்கும்.

5. ஓதத் தெரியாத தாயும் பாட்டியும் பிள்ளைகளுக்குப் பின்னால் உட்காருங்கள். 'இன்று என்ன ஓதினாய்? எனக்கும் ஓதிக் காட்டு' என்று கேளுங்கள். காளிக்குப்பத்துப் பெண் செய்த வேலையை நம் வீட்டுப் பாட்டி செய்ய முடியாதா?

6. ஐயங்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை ஓர் ஆலிமிடமோ ஆலிமாவிடமோ கேட்டு, கிடைத்த பதிலை அதன் கீழே எழுதுங்கள். ஓராண்டில் அது உங்கள் வீட்டு மத்ரஸாவாகிவிடும்.

7. குழுவில் தவறான செய்தி போய்விட்டால், அதே குழுவில், அதே அளவு தெளிவாகத் திருத்தத்தையும் போடுங்கள். இதில் வெட்கமில்லை, இது உமர் (ரலி) அவர்கள் காட்டிய வழி.

ஜமாஅத்தாருக்கும் ஆலிம்களுக்கும்

2020 மார்ச் மாதத்தில் நோய்த்தொற்றின் காரணமாகப் பள்ளிவாசல்கள் அடைக்கப்பட்டபோது, அவ்வாண்டு ரமலானை நாம் வீடுகளிலேயே கழித்தோம். தராவீஹுக்கும் பள்ளிக்குப் போக முடியவில்லை. அந்த மாதங்களில் மத்ரஸாக்கள் பலவும் ஜூம், வாட்ஸ்அப் மூலமே பாடம் நடத்தின. அன்று நமக்கு ஆகுமானதாக இருந்த கருவி, இன்று ஒரு பட்டாசுத் தொழிலாளப் பெண்மணி கையில் எடுத்தால் மட்டும் ஆபத்தாகிவிடுமா?

நபி (ஸல்) அவர்களிடம் பெண்கள் வந்து, ஆண்களே தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கென்று ஒரு நாளை ஒதுக்குங்கள் என்று முறையிட்டதும், நபியவர்கள் நாள் ஒதுக்கி உபதேசித்ததும் புகாரியில் இருக்கிறது. அவர்கள் ஏன் கேட்டீர்கள் என்று அப்பெண்களைக் கடிந்துகொள்ளவில்லை. நம் மஹல்லாப் பெண்கள் இன்று கேட்காமலே இருக்கிறார்கள். கேட்டால் கிடைக்காது என்று எண்ணித்தான் கைப்பேசியிடம் போயிருக்கிறார்கள். இதில் யார்மீது குறை?

ஆகவே ஜமாஅத்தார் அந்தக் குழுக்களைக் கைப்பற்ற முயல வேண்டாம், கலைக்கவும் வேண்டாம். நிர்வாகம் அவர்களுடையதாகவே இருக்கட்டும். வாரத்தில் இரண்டு இரவுகள், இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம், கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஓர் ஆலிமையும், ஓதுவதைக் கேட்டுத் திருத்த ஓர் ஆலிமாவையும் அமர்த்துங்கள்; அவர்களுக்கு உரிய ஊதியத்தையும் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பள்ளிவாசலையொட்டிய ஓர் அறையை அந்தச் சகோதரிகளுக்குத் திறந்து விடுங்கள். குரலால் மட்டும் அறிந்தவர்கள் முகம் பார்த்து ஓதட்டும்.

ஆலிம்களான நாமும் ஒன்றை உணர வேண்டும். மக்கள் நம்மை விட்டுப் போய்விட்டார்கள் என்று குறைபடுவதில் பயனில்லை. அவர்கள் விழித்திருக்கும் நேரத்தில் நாம் விழித்திருக்கிறோமா? அவர்கள் கேட்கும் மொழியில் பேசுகிறோமா? தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவு நம்மிடம் இருக்கிறதா? அறியாதவர்கள் அறிந்தவர்களிடம் கேட்க வேண்டும் என்பது சூரத்துந் நஹ்லின் 43-வது வசனம் தரும் கட்டளை. கேட்பவருக்கு எட்டும் இடத்தில் இருப்பது அறிந்தவர்மீதுள்ள கடமையல்லவா?

கைப்பேசியில் மார்க்கம் கற்கலாமா என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். கற்கலாம், ஆனால் கைப்பேசியோடு நின்றுவிடக்கூடாது. செய்தி வரும் வழி எதுவாகவும் இருக்கட்டும், அதை உரைத்துப் பார்க்க ஒரு மனிதரைத் தேடிக்கொள்ளுங்கள். உமர் (ரலி) அவர்கள் அண்டை வீட்டாரிடம் செய்தியைக் கேட்டார்கள். மூலத்திடம் சென்று தெளிந்தார்கள். இரண்டும் சேர்ந்ததே கல்வி.

யா அல்லாஹ்! பகலெல்லாம் உழைத்து, இரவில் உன் மார்க்கத்தைத் தேடும் எங்கள் தாய்மார்களின் கல்வியைப் பயனுள்ளதாக ஆக்குவாயாக! சரியானவர்களிடம் கற்கவும், கற்றதைச் சரிபார்க்கவும், சரிபார்த்ததைச் செயல்படுத்தவும் எங்கள் அனைவருக்கும் தவ்பீக் செய்வாயாக! எங்கள் இல்லங்களைப் பொய்ச் செய்தியின் குழப்பத்திலிருந்து காப்பாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.